கொம்பு நனைத்த குளம்

கடல் மேல் சத்தியம்! அதில் கிடக்கிற உப்பின் மேலும் சத்தியம்! இந்தக் கதையில் ஒரு சொல் பொய் என்றால் நாளைக் காலையில் என் மீசை ஆட்டுத்தாடியாகத் தொங்கட்டும்!

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பளம், நடுவில் ஒரு காடு. அந்தக் காட்டுக்கு நல்ல தண்ணீர்க் குளம் ஒன்றே ஒன்றுதான். அதில் வாய் வைக்க ஒரு முறை இருந்தது. இரண்டு கொம்பு உள்ள ஆண்மான்கள் குடும்பத்தோடு முதலில் குடிக்கும். அப்புறம் மட்டக்குதிரைகள். அப்புறம் பன்றிகள். பன்றிகள் புரண்டு எழுந்த பிறகு மிஞ்சுகிற சேறு, கொம்பு முறிந்தவனுக்கு.

முறுக்கன் என்ற வெளிமானுக்குச் சண்டையில் ஒரு கொம்பு போயிற்று. அன்றிலிருந்து அவன் குடும்பம் வரிசையின் வால். "அப்பா, நாம் எப்போது தெளிந்த தண்ணீர் குடிப்போம்?" என்று அவன் குட்டி தினமும் கேட்டது. கொம்பு முறிந்தபோதுகூட அவனுக்கு அப்படி வலிக்கவில்லை.

பனிக்காலத்தில் வடக்கிலிருந்து பறவைகள் வந்து இறங்கின. சேற்றைக் குத்திக்கொண்டிருந்த உள்ளான் ஒன்று முறுக்கனைப் பார்த்துக் கீச்சிட்டது.

"அட! நீ இங்கேயா இருக்கிறாய்? உலகமே உன்னைத் தேடுகிறதே!"

"என்னையா? நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"ஒற்றைக்கொம்பன் அல்லவா நீ! மேற்கு தேசத்தில் உன்னை வெள்ளைக் குதிரை என்கிறார்கள். பாம்பு விஷம் கக்கிய சுனையில் உன் கொம்பை நனைத்தால் விஷம் முறிந்துவிடுமாம். சீன தேசத்தில் உனக்கு மான் உடம்பு. நீ நடந்தால் புல்கூட மடங்காதாம். நல்ல ராஜா பிறந்தால்தான் வெளியே வருவாயாம். சிந்து நதிக்கரையில் மண்மூடிப் போன பட்டணத்தில் உன்னைக் காளையாக முத்திரையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பனிக்கடலில் ஒரு திமிங்கலத்துக்கு ஈட்டி போல ஒரு பல். அதையே உன் கொம்பு என்று சொல்லி ராஜாக்கள் தலையில் கட்டினார்கள், போ!"

கிழட்டுக் குதிரை ஒன்று காதை ஆட்டியது. "அப்படியானால் அது குதிரையா, மானா, மாடா?"

"ஊருக்கு ஊர் மாறும் பாட்டி! விஷத்துக்குப் பயந்த ஊரில் விஷம் முறிக்கும். நல்ல ராஜாவுக்கு ஏங்கிய ஊரில் ராஜாவைக் காட்டும். எந்த ஊருக்கு எது இல்லையோ, அதை ஒற்றைக்கொம்பன் தலையில் நட்டுவிடுகிறார்கள்."

"பார்த்தவர்கள் உண்டா?"

"பார்த்தவரைப் பார்த்தவர்கள் நிறையப் பேர்!"

இதையெல்லாம் ஒரு பன்றி கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் குளக்கரையில் அது குரல் கொடுத்தது. "விலகுங்கள்! விஷம் முறிக்கும் ஒற்றைக்கொம்பர் வருகிறார்! முதல் வாய் அவருக்கு! அடுத்த வாய், அவரைக் கண்டுபிடித்த எனக்கு!"

"அவனுக்கு மட்டும் என்ன ரெண்டு கொம்பா முளைத்திருக்கிறது?" என்று ஓர் ஆண்மான் சீறியது.

"ஒன்றுதான் முளைத்திருக்கிறது. அதுதானய்யா விசேஷம்!"

முறுக்கன் மறுத்துச் சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் கூட்டம் வழிவிட, அவன் குட்டி ஓடிப்போய்க் குடித்துவிட்டு நிமிர்ந்தது. அதன் வாயிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டியது. 'நான் அவன் இல்லை' என்ற சொல்லை முறுக்கன் விழுங்கிவிட்டான்.

அன்று முதல் காலைதோறும் அவன் கொம்பை நனைப்பான். பன்றி "ஆச்சு!" என்று கத்தும். காடு குடிக்கும். நல்ல தண்ணீரை நல்ல தண்ணீராக்குவதில் என்ன கஷ்டம்?

பிறகு ஒரு பெருங்காற்று அடித்தது. உப்பளத்தின் வரப்பு உடைந்தது. உப்பு எடுத்தபின் தேங்கிக் கிடந்த கசப்புத் தண்ணீர் மொத்தமும் குளத்துக்குள் பாய்ந்தது. விடிந்து பார்த்தால் மீன்கள் வயிறு காட்டி மிதந்தன. தாகத்தில் நாக்குத் தொங்க எல்லோரும் கூடினார்கள்.

"நனையுங்கள் சாமி! நனையுங்கள்!"

முறுக்கன் நனைத்தான். நுனி நாக்கால் தொட்டும் பார்த்தான். நாக்கு எரிந்தது.

பன்றி காதோரம் வந்தது. "அண்ணே, நான் வழக்கம்போல 'ஆச்சு' என்று கத்திவிடுகிறேன். நீர் சும்மா தலையாட்டும். இல்லையென்றால் நாளையிலிருந்து உமக்குப் பழைய சேறுதான்!"

முதல் வாய்க்கு உரிமையுள்ள குட்டி கழுத்தைத் தாழ்த்தியது. "அப்பா, குடிக்கட்டுமா?"

முறுக்கன் ஒரே தாவலில் குட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே நின்றான்.

"குடிக்காதே! யாரும் குடிக்காதீர்கள்! இது விஷம். என் கொம்பு ஒன்றும் முறிக்காது. இது சண்டையில் தோற்றவனின் மிச்சக் கொம்பு. நான் அவன் இல்லை!"

"த்தூ! இவனுக்கா வழிவிட்டோம்! நகரடா புளுகா!" என்று கூட்டம் முண்டியது. தாகம் யார் பேச்சைக் கேட்கும்?

முறுக்கன் நகரவில்லை. தலையைத் தாழ்த்திக் கொம்பை நீட்டினான். "குடிக்க வருகிறவன் முதலில் இந்தக் கொம்புக்குப் பதில் சொல்லட்டும்!" முட்டினார்கள், உதைத்தார்கள். விலாவில் இரத்தம் வழிய வழிய அவன் கரையில் நின்றான்.

அந்தச் சந்தடியில் பன்றி பின்பக்கமாக நழுவி ஒரு மடக்குக் குடித்தது. அவ்வளவுதான்! குடல் வாய்க்கு வர உருண்டு புரண்டு அலறியது. பிழைத்தது, ஆனால் அப்புறம் அது யாருக்கும் கட்டியம் கூறியதில்லை. முண்டிய கூட்டம் பின்வாங்கியது.

கிழட்டுக் குதிரை, மணலுக்கடியில் ஊற்று இருக்கும் என்று மணல்மேட்டுப் பக்கம் நடந்தது. எல்லோரும் பின்னால் போய்க் குளம்பால் தோண்டினார்கள். கலங்கலாக, ஆனால் கசக்காமல், ஊற்று சுரந்தது. அன்று யாரும் யார் கொம்பையும் எண்ணவில்லை. குட்டிகளெல்லாம் முதலில் குடித்தன.

முறுக்கனின் விலாவில் ஒட்டிய ஈயைக் கொத்திக்கொண்டே உள்ளான் சொன்னது: "ஒற்றைக்கொம்பன் விஷத்திலிருந்து காட்டையே காப்பாற்றினான் என்று வடக்கே போய்ச் சொல்வேன்!"

"காப்பாற்றவெல்லாம் இல்லை. வழியில் நின்றேன், அவ்வளவுதான்."

"எல்லா ஊரிலும் முதலில் அவ்வளவுதான் நடந்திருக்கும், போ!"

ஊர் சூட்டிய பெருமையைக் கட்டிக்காப்பவன் பெரியவன் அல்ல. பிறர் உயிருக்காக அதைக் கழற்றி எறிந்து உண்மை சொல்பவனே பெரியவன்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள், அந்தப் பன்றியின் சொந்தக்காரர்கள் இன்னும் இந்தப் பக்கம்தான் மேய்கிறார்கள்!