ஆள்காட்டியின் மதியக் குளியல்

குளக்கரைப் பாறைமேல் செவத்தி என்ற ஆள்காட்டிப் பறவை காவல் நின்றாள். சிறுத்தை தென்பட்டால் கத்தி எல்லோரையும் உஷார்படுத்துவது அவள் வேலை. காடே கூடி அவளை நியமித்திருந்தது.

ஒருநாள் உச்சிவெயிலில், கணவனைப் பாறையில் நிறுத்திவிட்டு, செவத்தி குளத்தில் இறங்கி வயிறு நனைய உட்கார்ந்தாள். மரக்கிளையில் இருந்த மரகதம் என்ற கிளி அதைப் பார்த்துவிட்டது. பாறையில் நின்றவனைப் பார்க்க அதற்கு ஏது நேரம்?

"காவல்காரி ஜாலியா குளிக்கிறா!" என்று கூவியது.

ஒரு கிளி கூவினால் போதும், அடுத்த மரத்துக் கிளியும் அதையே கூவும். மலை வரைக்கும் போய்விடும். பொழுது சாய்வதற்குள், செவத்தி சிறுத்தையோடு சேர்ந்தே குளித்தாள் என்று கதை கட்டிவிட்டார்கள். காவலுக்கு இருப்பவள் இப்படி நடக்கலாமா என்று முயல் கேட்டது. பகலெல்லாம் வளைக்குள் தூங்கும் முள்ளம்பன்றிகூடக் கேட்டது, அதுதான் வேடிக்கை.

கணவனுக்குத் தாங்கவில்லை. இந்த வேலையே வேண்டாம், விட்டுவிடு என்றான். செவத்திக்கும் நெஞ்சு எரிந்தது. ஆனாலும் அசையவில்லை.

"மான்குட்டி இங்கேதானே மேயுது. யார் என்ன சொன்னாலும் நான் நிற்பேன்."

மறுநாள் புல்லுக்குள் சிறுத்தை பதுங்கி வந்தது. செவத்தி அலறினாள். உடனே கிளிகள் "குளிக்கப் போ! குளிக்கப் போ!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தின. தாய்மானும் சிரித்துக்கொண்டே மேய்ந்தது. குட்டியோ சிறுத்தைக்குப் பக்கத்திலேயே நின்றது.

செவத்தி நேராகச் சிறுத்தையின் கண்ணில் போய் விழுந்து கொத்தினாள். சிறுத்தை ஓங்கி அறைந்ததில் அவள் இறகு பறந்தது. தாய்மான் திடுக்கிட்டுப் பார்த்து, குட்டியோடு பாய்ந்து தப்பியது. இரை போன சிறுத்தை புதருக்குள் திரும்பிவிட்டது.

பிய்ந்த இறக்கையோடு செவத்தி மறுபடியும் குளத்துக்கே போனாள். நன்றி சொல்ல மான் பின்னாலேயே போனது. வயிற்றை நனைத்துக்கொண்டு அவள் கொதிக்கும் சரளைக்கல்லுக்கு நடந்தாள். அங்கே கிடந்த முட்டைகள்மேல் ஈர வயிறு பட உட்கார்ந்தாள். வெயிலில் அவை வெந்துபோகாமல் காக்கத்தான் அந்தக் குளியல்.

மானுக்கு அழுகை வந்துவிட்டது. "இதை ஏன் அன்னைக்கே சொல்லலே?"

"யாரும் கேட்கலையே அக்கா."

கிளையிலிருந்து கேட்ட மரகதம் வெட்கப்பட்டு, உண்மையைத் தொண்டை கிழியக் கூவியது. அடுத்த மரத்துக் கிளிகள் அதை வாங்கிக் கூவவில்லை. அவை அதற்குள் ஒரு குரங்கைப் பற்றிய புதுக் கதையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

ஊருக்குக் காவல் நிற்பவருக்கும் ஒரு வீடு உண்டு. கண்ணில் பட்ட கொஞ்சத்தை ஊரெல்லாம் பரப்புமுன் விசாரியுங்கள், பரப்பிய பழியைத் திரும்பக் கூப்பிட முடியாது.