கரிச்சான் கத்திய குரங்குக் குரல்

மூங்கில் காட்டுக் குட்டையோரம் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. பெயர் வம்பன். மயிலோ கீரியோ, யார் குரலைக் கேட்டாலும் அச்சு அசலாக எடுத்துவிடும். சேவல் மாதிரி கூவி, இரண்டு காட்டுச் சேவல்களுக்குள் சண்டை மூட்டிவிட்டு, கிளையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரிக்கும்.

அதற்கு ரொம்பப் பிடித்தது கருமூஞ்சியின் குரல். கருமூஞ்சி புளியமரத்து உச்சியில் காவல் இருக்கும் குரங்கு. சிறுத்தையைக் கண்டால் "கக்கோ, கக்கோ" என்று கத்தும். கீழே மேயும் மான்கள் ஓடித் தப்பும். வம்பன் சும்மாவே அப்படிக் கத்தும். மான்கள் தெறித்து ஓடும். குளம்படியில் கிளம்பும் வெட்டுக்கிளிகள் வம்பன் வாயில் விழும்.

மான்கள் கூடிப் பேசின. தலைவன் விரிகொம்பன் சொன்னது: "இனிமே கத்தல் கேட்டா மரத்தைப் பாருங்க. உச்சிக் கிளை ஆடினா அசல், ஓடுங்க. ஆடலைன்னா நகல், மேயுங்க."

"புதரைப் பார்க்க வேண்டாமா அண்ணே?" என்றது செம்பி. அது பால்குடிக் குட்டியோடு இருந்த தாய்மான்.

"அதுக்குத்தானே குரங்கு இருக்கு."

ஒரு மத்தியானம். வெயில் தாங்காமல் கருமூஞ்சி கிளையில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. கோரைப்புல்லுக்குள் மஞ்சளாக ஏதோ நகர்வதை வம்பன் பார்த்தது. சிறுத்தை. அதற்கு நேர் எதிரே செம்பியின் குட்டி.

வம்பன் தெரிந்ததிலேயே உரத்த குரலில் கத்தியது. "கக்கோ, கக்கோ!"

மான்கள் எல்லாம் கழுத்தைத் தூக்கி மரத்தைப் பார்த்தன. கிளை ஆடவில்லை.

"நகல்," என்றது விரிகொம்பன். "மேயுங்க."

"அண்ணே, குரல்தான் இரவல். சிறுத்தை நிஜம். கோரையைப் பாருங்க," என்று கதறியது வம்பன்.

"பய இன்னைக்கு வசனமும் சேர்த்துக்கிட்டான்பா," என்றது விரிகொம்பன்.

மான்கள் சிரித்தன. செம்பி மட்டும் திரும்பிப் பார்த்தது. அதற்குள் கோரை பிளந்துவிட்டது. குட்டி ஒரே ஒரு முறைதான் கத்தியது.

அந்தச் சத்தத்தில் கருமூஞ்சி திடுக்கிட்டு விழித்து, "கக்கோ, கக்கோ" என்றது. கிளை ஆடியது. அசல் குரல் கேட்டாயிற்று என்று மான்கள் ஓடின.

சாயங்காலம் செம்பி தனியாகக் குட்டைக்குத் திரும்பி வந்தது. வம்பன் இருந்த கிளைக்குக் கீழே நின்றது.

"எல்லார் குரலும் உனக்கு வருமே. என் குட்டியோட குரலில் ஒரு தடவை கூப்பிடு."

"வேண்டாங்க்கா."

"கூப்பிடுடா."

வம்பன் கூப்பிட்டது. ஒரு பிசிறுகூடத் தப்பவில்லை. செம்பியின் காது விறைத்தது. மடியில் பால் சுரந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டது.

"இல்லடா. அவன் பசிச்சுக் கூப்பிடுவான்."

செம்பி இருட்டுக்குள் நடந்து போனது. வம்பன் அதன்பின் எந்தக் குரலையும் எடுக்கவில்லை.

குரல் யாருடையது என்பதை வைத்து அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் பயமும் பசியும் மெய்யா என்பதை வைத்தே அசல் எது, நகல் எது என்று அறிய வேண்டும்.