மீனுக்காக இலை மூடிய நத்தை

ஊமை என்று ஓர் உயிரும் இல்லாத அந்தக் காலத்தில், காக்கை பேசும், கல்லுக்கு அடியில் கிடக்கிற தேள் பேசும், ஏரிகூடப் பேசும். மீனும் பேசத்தான் செய்தது. ஆனால் அது சொல்வதெல்லாம் குமிழியாக மேலே வந்து உடைந்துவிடும். கரையில் நிற்கிறவர் காதில் ஒன்றும் விழாது.

ஒரு கோடையில் ஏரி வற்றிப்போனது. நடுவில் ஒரு குட்டையளவு தண்ணீர் மட்டும் வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அந்தப் பக்கம் சுள்ளி பொறுக்க வந்த பூவாத்தாளை ஏரி மெல்லக் கூப்பிட்டது. தூக்கக் கலக்கத்தில் பேசுகிற குழந்தையின் குரல் மாதிரி இருந்தது அது.

"அம்மிணி, எனக்குக் கண்ணு சொக்குது. இனி மழை வந்தாத்தான் முழிப்பேன். எங்கிட்ட மிச்சம் இருக்கறது இந்த ரெண்டு கெண்டைதான். ஒண்ணு சினையா இருக்குது. உன் வீட்டுல வெச்சிருந்து, நான் முழிச்சதும் திருப்பிக் குடு. இதுக செத்துப்போச்சுன்னா, எத்தனை தண்ணி வந்தாலும் நான் வெறும் பள்ளந்தான்."

ஏரி ஆள் பார்த்துத்தான் கேட்டது. பூவாத்தாள் வீட்டுக்குப் போய்ப் பசியோடு திரும்பியவர் அந்தச் சீமையில் கிடையாது. பசி தீர்ந்த பிறகும் தப்பிக்க முடியாது என்பது வேறு விஷயம். சாப்பிடுகிறவர் இலையை மூடினால்தான் அவள் கை நிற்கும். மூட மறந்து பேச்சில் உட்கார்ந்திருந்தால் தீர்ந்தது, இன்னொரு கரண்டி விழுந்துவிடும்.

குடத்தில் இரண்டு மீன்களையும், அவற்றுக்கு நிழலாக இருக்கட்டும் என்று ஒரு பிடி பாசிக்கொடியையும் போட்டு எடுத்து வந்தாள். அவள் புருஷன் மாரப்பன் மாட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கிணற்றின் அடியில் ஊறியிருந்த தண்ணீரை இறைத்து ஊற்றினான். மீன்கள் அந்தப் பச்சை நிழலுக்குள் கனவில் போகிறவை போல நீந்தின. பூவாத்தாள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மீன் மூச்சு விடுவதே வாயைத் திறந்து மூடித்தான். அவளுக்கு அது எங்கே தெரியும்?

"ஏனுங்க, பாருங்க, வாயத் தொறந்து தொறந்து கேக்குதுக. பாவம், என்ன பசியோ!"

கம்பஞ்சோற்றை உதிர்த்துப் போட்டாள். தின்றன. மறுபடியும் வாய் திறந்தன. மறுபடியும் போட்டாள். "போதும், தாயே, போதும்" என்று இரண்டும் கத்தின. குமிழிகள் வந்து உடைந்தன.

"சந்தோசத்துல மொட்டு மொட்டாக் குமிழி விடுதுக," என்று அவள் சிரித்தாள்.

"ஏம்புள்ள, ரெண்டு மீனுக்கு இத்தனை சோறா?" என்றான் மாரப்பன்.

"வீட்டுக்கு வந்ததுகளுக்கு அளந்தா போடுவாங்க?"

மாரப்பன் அடுத்த குடம் தண்ணீர் இறைக்கப் போய்விட்டான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் தொட்டியின் உள்சுவரில் ஒரு நத்தை இருந்தது. அதை யாரும் கொண்டுவரவில்லை. பாசிக்கொடியின் இலைக்கு அடியில், ஜவ்வரிசிக் கஞ்சித் துளி போல ஒட்டியிருந்த முட்டையிலிருந்து வந்தது அது. தண்ணீருக்குள் மீன் பேசுவதைக் கேட்கவும் அதற்குத் தெரியும், விளிம்புவரை ஏறிவந்து மனிதரோடு பேசவும் தெரியும்.

"அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. அவங்க போதும்னு சொல்றாங்க. மூடிக் காட்டறதுக்கு அவங்களுக்கு இலை இல்லீங்க."

பூவாத்தாளுக்குச் சுருக்கென்றது. சோறு போதாது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அதிகம் என்று சொல்லவும் ஒருத்தருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

"கூப்படாம வந்து குந்திக்கிட்டு, நான் போடற சோத்துக்கு நீ நாயம் சொல்றியா? இனி உன் வாயில ஒரு சொல்லு வரக்கூடாது!"

அந்தக் காலத்தில் மனம் எரிந்து சொன்ன சொல் பலித்துவிடும். நத்தை எதையோ சொல்ல வந்தது, சத்தம் வரவில்லை. கொம்புகளை இழுத்துக்கொண்டு மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கிப்போனது.

பேச்சுதான் போனது, பசி போகவில்லை. மீன் தின்றது போக அடியில் கிடந்ததையெல்லாம் நத்தை மேய்ந்தது. இலைக்கு அடியில் முட்டை வைத்தது. அதன் பிள்ளைகளும் மேய்ந்தன. சோறு பெருகப் பெருக நத்தையும் பெருகி, தொட்டிச் சுவரெல்லாம் மிளகு தூவியதுபோல் ஆகிவிட்டது.

பூவாத்தாள் அவற்றை ஒழிக்கக் கிளம்பினாள். பொழுது சாய்கையில் ஒரு பசலை இலையைத் தண்ணீரில் போட்டு வைப்பாள். விடிந்து பார்த்தால் இலை முழுக்க நத்தை அப்பியிருக்கும். அப்படியே தூக்கிக் கோழிகளுக்கு உதறிவிடுவாள். கொஞ்ச நாளில் தொட்டி துப்புரவாகிவிட்டது. சோறு போடுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

தின்ன ஆளில்லாத சோறு அடியில் புளித்தது. தண்ணீர் கழுநீராக வெளுத்து நாறியது. மீன்கள் மேல்மட்டத்தில் வந்து வாயைப் பிளந்தன. அதையும் பசி என்று நினைத்து இன்னும் ஒரு கை போட்டாள். அடுத்த காலையில் சினைக்கெண்டை ஒருக்களித்து மிதந்தது. செவுள் மட்டும் லேசாக அசைந்தது.

"ஐயோ, ஏரிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!" என்று தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

முந்திய நாள் போட்ட பசலை இலை இன்னும் மிதந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒரே ஒரு நத்தை. அவள் வாயடைத்த அதே நத்தை.

"சாமி, சொல்லு. நான் என்ன செய்யோணும்? சொல்லு!"

நத்தை வாயைத் திறந்தது. அவள் போட்ட பூட்டு அப்படியே இருந்தது. அது அவளை ஒருமுறை பார்த்தது. பிறகு இலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடுவை நோக்கி ஊர்ந்தது. கூடவே இலையும் மெல்ல மடிந்து வந்து, மறுபாதிமேல் படிந்தது.

பந்தியில் சாப்பிட்டு முடித்தவர் மூடுகிற மாதிரி, இலை மூடிக் கிடந்தது.

பூவாத்தாள் பக்கத்திலிருந்த சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "போதும்னு இத்தனை நாளா கத்திக்கிட்டு இருந்தீங்களா, என் கண்ணுகளா?"

மாரப்பன் ஓடிவந்தான். இருவருமாக அடியில் கிடந்த அழுகலை அள்ளினார்கள். பாதித் தண்ணீரை மாற்றினார்கள். அன்று முழுக்க தொட்டிக்குள் ஒரு பருக்கை விழவில்லை. சாயங்காலம் சினைக்கெண்டை நிமிர்ந்து நீந்தியது.

அவள் நத்தையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள்.

"சொன்ன சொல்லை என்னால திருப்பி வாங்க முடியல. அதனால இப்படி வெச்சுக்கலாம். மீன் வளக்கற வீட்டுக்கெல்லாம் நீ கூப்படாமயே வா. எங்க கை மீறிப் போச்சுன்னா நீயும் பெருகு. கை அடங்குச்சுன்னா நீயும் அடங்கு. பாத்துப் புரிஞ்சுக்கறோம்."

அதுவும் மனதிலிருந்து வந்த சொல்தான். அதுவும் பலித்தது.

மழை வந்தது, ஏரி விழித்தது. "குடுத்தது பத்திரமா?" என்று கேட்டது. "நானே கொன்னிருப்பேன், ஏரியம்மா. பேச முடியாத ஒண்ணு காப்பாத்திக் குடுத்துச்சு," என்று சொல்லிக் குடத்தைக் கவிழ்த்தாள். இரண்டு கெண்டைகளும் வாய் ஓயாமல் குமிழி விட்டுக்கொண்டே ஆழத்துக்குப் போயின.

கடையில் வாங்கிய நீர்ச்செடியை ஆசையாய்க் கண்ணாடி மீன்தொட்டியில் நட்டுவிட்டு, சில நாள் கழித்து, "இது எங்கேயிருந்து வந்தது?" என்று திகைக்கிறோமே, அந்த நத்தை அழைக்காமல் வருவது அன்று தொடங்கித்தான். கை தாராளமான வீட்டில் அது கூட்டமாய் நிற்கும், அளந்து போடுகிற வீட்டில் ஒன்றிரண்டாய் நிற்கும். அன்று முதல் அது பேசுவதே இல்லை. கூட்டமாய்ப் பெருகி நின்று, மீன்களுக்காக இலையை மூடிக் காட்டுவதோடு சரி.