சக்கரம் கழற்றிய பொறி

ஆறுகள் பலவற்றுக்கு இன்னும் பெயர்கூட வைக்காத காலத்தில், ஓர் ஆற்றின் தென்கரையில் குன்றூர் என்றொரு சிற்றரசு இருந்தது. கேட்க உட்கார்ந்துவிட்டீர்கள், அவசரப்படாமல் கேளுங்கள்.

குன்றூருக்கு யானை இல்லை, குதிரை இல்லை, பெரிய படையும் இல்லை. வடகரை அரசுக்கு மூன்றும் உண்டு. அதனால் குன்றூர்ப் படைத்தலைவர் அழிசிக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்ததில்லை. போதாததற்கு, தம் ஒரே மகள் வெண்ணியை அவர் வடகரையில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்.

பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டு அழிசி ஒரு பொறி செய்தார். யானைத்தலை அளவுக் கல்லைத் தூக்கி வெகுதூரம் வீசும் பொறி. அப்படியொன்றை யாரும் அதுவரை கண்டதில்லை. குன்றூர்க்காரர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆயுத பூசை வந்தது. ஆயுதங்களுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, ஊர்வலம் விடுவது அந்த ஊர் வழக்கம். பொறிக்குத்தான் சக்கரம் இருக்கிறதே! வடம் கட்டித் தேர்போல இழுத்தார்கள். முரசு கொட்டியபடி ஆற்றங்கரைவரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சுண்டல் தின்று வீடு திரும்பினார்கள்.

அக்கரையில் நின்றவர்களுக்குச் சுண்டலா தெரியும்? முரசும், கூட்டமும், தங்களை நோக்கி உருண்டுவந்த பொறியும்தான் தெரிந்தன.

முதல் நாள் அக்கரையில் கூடாரங்கள் முளைத்தன. இரண்டாம் நாள் யானைகள் வந்தன. மூன்றாம் நாள் படகுகள் வரிசை கட்டின. ஆசைப்பட்டு வரவில்லை, பயந்துபோய் முந்திக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று அழிசிக்குப் புரிந்தது.

அரசர் அவையைக் கூட்டினார். பொறியை ஒளித்துவிடலாம் என்றார் ஒருவர். ஒளித்தால் சந்தேகம்தான் கூடும் என்றார் அழிசி. இன்னும் இரண்டு செய்யலாம் என்றார் இன்னொருவர். அவர்கள் நான்கு செய்வார்கள் என்றார் அழிசி. முதல் கல்லை நாமே எறியலாம் என்றார் மூன்றாமவர்.

"விழுகிற கல் யார் வீடு என்று பார்த்து விழாது," என்றார் அழிசி. அக்கரையில் அவர் மகள் வெண்ணி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி.

பிறகு தம் யோசனையைச் சொன்னார். பொறியைப் பின்னுக்கு இழுத்துக் குன்றின்மேல் ஏற்ற வேண்டும், அதன் கால்களைக் குழியில் இறக்கிக் கல் வைத்து இறுக்க வேண்டும், சக்கரங்களைக் கழற்றிவிட வேண்டும்.

"நகராத பொறியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று அரசர் சிடுசிடுத்தார்.

"நம் கோட்டை மதிலும் நகராதுதான், அரசே. அதை யாரும் குறை சொன்னதில்லை."

அரசர் தாடியை நீவினார். பிறகு தலையசைத்தார்.

பட்டப்பகலில், அக்கரை பார்க்கப் பார்க்க, எல்லாம் நடந்தது. முடிந்ததும் பொறி தன் முழு வலுவோடு மூன்று கற்களை வீசியது. மூன்றும் நடு ஆற்றில் விழுந்தன. அதற்கு மேல் ஒரு முழம்கூடப் போகவில்லை.

அழிசி நான்கு சக்கரங்களையும் படகில் ஏற்றி, வாளைக் கரையில் வைத்துவிட்டு, தாமே துடுப்புப் போட்டுப் போனார். வடகரைப் படைத்தலைவர் பூதன் வேலோடு நின்றிருந்தார்.

"உங்கள் படை நடு ஆற்றுக்கு வந்தால் கல் விழும். உங்கள் கரையை எங்கள் கல் தொடாது. நம்பிக்கை இல்லையென்றால் பௌர்ணமிதோறும் ஆள் அனுப்பிப் பாருங்கள்," என்றார் அழிசி.

பூதன் சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். வேலை மணலில் ஊன்றினார்.

"நாங்கள் ரொம்பப் பயந்துவிட்டோம்," என்றார் மெல்ல.

"நாங்களும்தான்," என்றார் அழிசி.

படகுகள் போயின, யானைகள் போயின, கடைசியாகக் கூடாரங்களும் போயின. மறு ஆண்டு ஆயுத பூசைக்கு, பொறியைப் பார்க்க வந்த வடகரை ஆட்களே அதற்கொரு மாலையும் கொண்டுவந்தார்கள். அவர்களோடு வெண்ணியும் இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். பேரப்பிள்ளை பொறியைத் திரும்பியும் பார்க்கவில்லை; தாத்தா கையிலிருந்த சுண்டலைத்தான் எட்டிப் பிடித்தது.

தன்னைக் காக்கும் வலுவைக் காட்டுகிறவன், அடுத்தவனைத் தாக்கமாட்டேன் என்பதையும் கண்ணெதிரே காட்டினால்தான் இரண்டு கரையும் நிம்மதியாகத் தூங்கும்.