காலனிக்குப் பதினைந்து நிமிடம்

நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரம் கடிகாரமும் நோட்டுமாகத் தெருக்குழாய்களில் நின்றார்கள். தண்ணீர் வரும் நேரத்தைக் குறித்தார்கள். பட்டை வரைபடம் போட்டார்கள். குழாய் போகும் பாதையை வரைந்தார்கள். ஊராட்சிக்கு ஒரு கடிதமும் எழுதினார்கள்.

மேலத்தெருவுக்குத் தொண்ணூறு நிமிடம். காலனிக்குப் பதினைந்து.

மறுநாள் பள்ளியில் கண்காட்சி. திறந்து வைப்பவர் ஊராட்சித் தலைவர். அவர் வீடு மேலத்தெருவில்.

வகுப்பாசிரியை இன்பவல்லி, தலைமையாசிரியை அற்புதமேரியின் முன் வந்து நின்றாள். அற்புதமேரி ஆசிரியர் சங்கத்துக்காரி. போராட்டங்களுக்குப் பரிசாகப் பதினோரு இடமாறுதல் வாங்கியவள். வீங்கிய கால்களை ஸ்டூலில் நீட்டியிருந்தாள்.

"டீச்சர், கல்வி அதிகாரி வந்து பிள்ளைங்க வரைஞ்சதைப் பார்த்தார். இது எந்தப் பாடம்னு கேட்டார்."

"என்ன சொன்னே?"

"கணக்குன்னேன். கணக்குல காலனி எதுக்குன்னார். அறிவியல்னேன். அப்ப குழாயோட நிறுத்துங்கன்னார். தமிழ்னேன். மயிலைப் பத்திக் கட்டுரை எழுத வைக்கக் கூடாதான்னார்."

அற்புதமேரி சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"கடைசியா?"

"காலனிப் பட்டையை உயர்த்திடச் சொன்னார். மலைப் பள்ளியில ஒரு இடம் காலியா இருக்குன்னும் சொன்னார். கைக்குழந்தையோட மலைக்கா டீச்சர்? என்ன செய்யட்டும்?"

"வரைஞ்சது யாரு?"

"தர்ஷிகா. காலனிப் பொண்ணு."

"அவளையே உயர்த்தச் சொல்லு."

தர்ஷிகா வந்தாள். இன்பவல்லி பென்சிலை நீட்டினாள்.

"அந்தப் பட்டையை உயர்த்திப் போடும்மா."

"எவ்வளவு மிஸ்?"

"மேலத்தெரு அளவுக்கு." இன்பவல்லி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பிள்ளையின் முகம் மலர்ந்தது. "நாளையிலேருந்தா மிஸ்?"

"எது?"

"தண்ணி. வர்ற நேரத்தைத்தான் வரையணும்னு நீங்கதானே சொன்னீங்க? அம்மாகிட்ட இன்னும் நாலு குடம் எடுத்து வைக்கச் சொல்றேன்."

இன்பவல்லி பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"வேணாம்மா. அது அப்படியே இருக்கட்டும். வகுப்புக்குப் போ."

பிள்ளை போனதும் இன்பவல்லி பென்சிலை மேசையில் வைத்தாள்.

"மலைக்குப் போட்டுடுவாங்க டீச்சர்."

"போடுவாங்க."

"சங்கம்?"

"துண்டறிக்கை போடும். நானே எழுதித் தர்றேன்."

"அதுக்கப்புறம்?"

அற்புதமேரி கால்களை மெல்லக் கீழே இறக்கி, செருப்பைத் தேடினாள்.

"போற ஊர்லயும் குழாய் இருக்கும்."