மஞ்சளாக ஒளிர்ந்த முருகன்

மாரப்பன் அன்று காலை கேட்டது வண்டியைப் பற்றிய கேள்வி போலத்தான் இருந்தது.

"சாமி, இந்தக் காலத்து வண்டிக்கெல்லாம் டீசல் பில்டரே வேண்டியதில்லைங்களாமே. நெசங்களா?"

இளைய சாமி துவைத்த வேட்டியைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"யார் சொன்னது?"

"புது வண்டியைக் கொண்டாந்து விட்ட ஆளு. எல்லாம் கம்ப்யூட்டராம், எதையும் தொறக்கவே வேண்டாமாம். நானும் பானெட்டைத் தூக்கிப் பாத்தேனுங்க. நம்ம பழைய ஜீப்புல டீசலை வடிகட்டக் கண்ணாடிக் குப்பியாட்டம் ஒண்ணு இருக்குமே, அதைக் காணோம்."

"இல்லேன்னா உங்களுக்கு என்ன வருத்தம்?"

"வருத்தமில்லைங்க. அது இல்லாமலே வண்டி ஓடுது. நான் வாசல்ல இல்லாட்டியும் மடம் ஓடும். என்னைப் போக விடுங்க சாமி."

சாமி அடுத்த துணியை எடுக்கவில்லை.

மடம் கொல்லிமலை அடிவாரத்தில் இருந்தது. முன்பு அதை நடத்திய பெரியவர் மறைந்த பிறகு பொறுப்புக்கு வந்தவர் என்பதால் ஊரார் அவரை இளைய சாமி என்றார்கள். மாரப்பனைவிட அவர் பன்னிரண்டு வயது சின்னவர். அதனால் சீடரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், அண்ணே என்பார். மாரப்பன் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு மடத்துக்கு வந்து எட்டு வருஷம். வண்டி ஓட்டாத நேரமெல்லாம் வாசலில் இருப்பார். வருகிறவர்கள் முதலில் அவரிடம்தான் கொட்டுவார்கள். மருமகளைத் திட்டிக்கொண்டு ஒருத்தி வருவாள். தம்பியை வெட்டுவேன் என்று ஒருவன் வருவான். தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்து, கேட்டு, ஆறிய பிறகுதான் உள்ளே அனுப்புவார். உள்ளே போகும்போது அவர்களிடம் அழுகை மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

கொஞ்ச நாளாக அவர் குரல் மாறியிருந்தது. யாராவது வாயைத் திறந்தாலே, "சுருக்கமாச் சொல்லு" என்பார். சமையற்கட்டில் இருந்தவர்கள், "மாரப்பன் இப்பத்தான் கண்டிப்பா இருக்கிறார், வாசல் ஒழுங்கா இருக்கு" என்று மெச்சினார்கள்.

முந்தின நாள் மலையிலிருந்து பொங்காயி இறங்கி வந்தாள். புருஷன் செத்து ஒரு மாதம். கொண்டுவந்த மலைவாழைச் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவன் கடைசியாகக் கஞ்சி கேட்டதையும் தான் அடுப்பு மூட்டப் போனதையும் சொன்னாள். முடித்துவிட்டு மறுபடியும் கஞ்சியிலிருந்து தொடங்கினாள்.

"எத்தனை தடவை இதையே கேக்கறது?" என்றார் மாரப்பன். "ஊர்ல உன் வீட்டுல மட்டுந்தான் எழவு விழுந்துச்சா?"

பொங்காயி எழுந்து போய்விட்டாள். சீப்பு மட்டும் வாசலில் இருந்தது. மாரப்பன் இரவு சாப்பிடவில்லை.

இதையெல்லாம் அவர் சொல்லி முடித்தபோது கொடியில் வேட்டி காய்ந்து ஆடத் தொடங்கியிருந்தது.

"அந்தச் சீப்பு எங்கே?" என்றார் சாமி.

"அங்கியேதான் கெடக்குதுங்க. யாரும் தொடலை."

"எடுத்துக்குங்க. வண்டியையும் எடுங்க. பொங்காயி வீட்டுக்குப் போவோம்."

"நானுங்களா? எந்த மூஞ்சியோட வருவேன்?"

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே அண்ணே."

வண்டி மலைப்பாதையில் ஏறியது. சாமி முன் இருக்கையில் இருந்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் கண்ணாடியின் ஓரத்தில், மாரப்பன் ஒரு சின்ன முருகன் படம் ஒட்டியிருந்தார். சாமி அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"முருகன் ஏன் மஞ்சளா இருக்கார்?"

மாரப்பனுக்கு அன்று முதல் தடவையாக முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஒரு வாரமா அப்படித்தானுங்க. சாவியைப் போட்டா ஒளிர்றார். கும்பிட்டுட்டுத்தான் வண்டியை நகத்தறேன்."

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"வண்டி நிக்கக் கூடாதுன்னுதான்."

பதினோராவது வளைவில் வண்டி இழுக்க மறுத்தது. மாரப்பன் கியரை மாற்றினார். வண்டி இருமியது, இரண்டு தரம் குலுங்கியது, நின்றது. எப்படியோ ஓரமாக ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். திரும்பி வந்து சாவியைப் போட்டார். முருகன் ஒளிர்ந்தார். வண்டி கிளம்பவில்லை.

"படத்தை எடுத்துப் பாக்கலாமா?" என்றார் சாமி.

மாரப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகத்தால் படத்தை உரித்தார். அடியில் ஒரு சின்ன விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. விளக்கில் ஒரு குப்பியும் அதன் கீழே சில சொட்டுகளும் வரையப்பட்டிருந்தன. லாரிக்காரருக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தண்ணி," என்றார். "டீசல்ல தண்ணி சேந்திருக்குது. அப்படின்னா பில்டர் எங்கியோ இருக்குதுங்க."

இருந்தது. பானெட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும் பின்னால் கருப்பாகத் தெரிந்தது. கண்ணாடி இல்லை, உள்ளே இருப்பதைப் பார்க்க வழியில்லை.

"பாழாப் போனதே," என்று மாரப்பன் அதைத் திட்டினார். "ஏறுற எடத்துலயா மானத்தை வாங்குவே? இத்தனை நாள் ஒளிஞ்சுக்கிட்டு இருந்துட்டு."

சாமி வண்டியில் கிடந்த ஒரு தம்ளரை அதன் அடியில் பிடித்துக்கொண்டார். மாரப்பன் கீழ்த் திருகைத் தளர்த்தினார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கலங்கலாகத் தண்ணீர் இறங்கியது. தம்ளரில் முக்கால்வாசி நிறைந்த பிறகுதான் டீசல் தெளிவாக வந்தது.

சாமி தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, இந்த அழுக்கு பில்டரோடதா?"

"இல்லீங்க. டீசலோட வந்தது. எந்தப் பங்க்குல போட்டாலும் கொஞ்சம் வரத்தான் வரும்."

"இது பிடிச்சு வைக்கலேன்னா?"

"நேரா எஞ்சினுக்குப் போயிருக்கும். அப்புறம் வண்டியே ஆகாது."

"பிடிச்சு வச்சதை அதுவே வெளிய விடாதா?"

"அது எப்படிங்க விடும்? அப்பப்போ திருகைத் தொறந்து விடோணும். அது ஓட்டறவன் வேலை. நாந்தான் செய்யலை."

"அப்போ அதைத் திட்டினீங்களே?"

மாரப்பன் தோள் துண்டை எடுத்து அந்தக் கருப்புக் குப்பியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். பிறகு தம்ளரில் இருந்ததை ஒரு பழைய பாட்டிலில் ஊற்றி மூடினார். டீசலை ஏற்றுவதற்கு மேலே இருந்த கைப்பம்பை இறுகும் வரை அழுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது. மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது.

"ஏறுங்க சாமி."

சாமி சாலையோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார். வாழைச் சீப்பு அவர் பக்கத்தில் இருந்தது.

"எல்லாரும் உங்களைக் கண்டிப்பான ஆளுன்னாங்க," என்றார். "நானும் கேட்டுச் சந்தோஷப்பட்டேன்."

மாரப்பன் தலை குனிந்துகொண்டார்.

"வண்டியை அணைச்சிட்டு வாங்க."

"பொங்காயி வீடு இன்னும் தூரமுங்க."

"பொழுது சாயறதுக்குள்ள போயிரலாம். அவங்ககிட்ட பேசிட்டு வந்த பிறகும் மடத்தை விட்டுப் போகணும்னு தோணினா நான் தடுக்க மாட்டேன். இப்ப இங்க வந்து உட்காருங்க." சாமி சீப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டார். "வாசல்ல யார் யார் உங்ககிட்ட என்னென்ன சொன்னாங்க? முதல்ல வந்தவங்கள்ல இருந்து சொல்லுங்க."

மாரப்பன் வண்டியை அணைத்தார். வந்தார். உட்காரவில்லை.

"எட்டு வருஷத்துக் கதைங்க சாமி. அதெல்லாம் உங்க காதுல எதுக்கு விழோணும்? அதுக்குத்தானே நான் அங்க இருந்தேன்."

"திறந்து விடறது ஓட்டறவன் வேலைன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க. நான்தான் செய்யலை."