நெல்லியோடைத் தண்ணீர்

ராட்டினக்காரன் தீர்த்தகிரி, பரிசல்காரி மாதம்மாவிடம் சீடனாகச் சேர்ந்தபோது அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. குருவுக்கு நாற்பத்தைந்து. சிரிக்கிறவர்கள் இங்கேயே சிரித்து முடித்துவிடுங்கள். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

இருபத்தைந்து வருஷம் திருவிழாவுக்குத் திருவிழா ராட்டினம் சுற்றியவன் அவன். கூட்டாளி பச்சையப்பன். ஒருநாள் விடியற்காலையில் கூடாரத்துக்குள் கண் விழித்தவனுக்கு, படுத்திருப்பது எந்த ஊர் என்று தெரியவில்லை. வெளியே வந்து பார்த்தான். அதே தோரணம், அதே மிட்டாய்க்கடை, அதே புழுதி. நேற்று எந்த ஊரில் இருந்தோம் என்று யோசித்தான். அதுவும் பிடிபடவில்லை. அன்றைக்கே நடையைக் கட்டியவன், ரெண்டு மலைக்கு நடுவே ஓடும் இந்த ஆற்றங்கரையில் வந்து நின்றான்.

மாதம்மா அப்போதுதான் ஆட்களை இறக்கிவிட்டுப் பரிசலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் இதைக் கத்துக்குடுங்க" என்றான்.

"எதை?"

"ஒரு கரையில ஏறினா இன்னொரு கரையில இறங்குறதை."

அவள் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

"தண்ணி தூக்குவீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

அதுதான் பாடம். பதினோரு மாசமும் அதேதான் பாடம்.

ஆற்றுக்கு ஒரு பக்கம் தார்ச்சாலை. மறுபக்கம் நாற்பது வீட்டுக் குடியிருப்பு. மாதம்மாவின் குடிசை குடியிருப்புக் கரையில் இருந்தது. வாசலிலேயே ஆறு. ஆனால் குடிக்கிற தண்ணீருக்கு அரை மைல் கீழே, மலையிலிருந்து இறங்கி வரும் நெல்லியோடை ஆற்றில் கலக்கிற இடத்துக்குப் போகவேண்டும். அதுவும் விடியுமுன்.

"கரையில நின்னு மொள்ளக்கூடாது. இடுப்பளவு இறங்கி நின்னு மொள்ளணும்."

"கரையில மொண்டா என்னவாம்?"

"எனக்குத் தெரிஞ்சுபோகும்."

மார்கழியில் அவன் பல் தந்தியடித்தது. அந்த ஓடையை அவன் திட்டாத திட்டில்லை. திரும்பி வந்தால் பரிசலுக்குத் தார் பூசவேண்டும், அதன் அடியில் போர்த்தும் படுதாவைத் தைக்கவேண்டும். ஊசியில் நூல் கோப்பதுகூட அவன் தலையில்தான். எதிரே போய் நின்றாலும் "யாரது?" என்று கேட்பாள். வேண்டுமென்றே சீண்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வான்.

ஆற்றைக் கடக்கும்போது துடுப்பை அவள் கொடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு பார்க்க வருகிற சனங்களைக் கரையோரமாக ஏற்றிச் சுற்றிக் காட்டும்போது மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வான். பரிசலை ஒரே இடத்தில் கிறுகிறுவென்று சுழற்ற ரெண்டே நாளில் கற்றுக்கொண்டுவிட்டான். ராட்டினக்காரன் கை அல்லவா! குழந்தைகள் கூச்சலிடும். பெரியவர்கள் கை தட்டுவார்கள். அந்தக் கூச்சலில் அவன் உடம்பெல்லாம் பூரித்துப் போகும். ஒரு வாரத்துக்கு அவன் உயிர் வாழ்ந்ததே அந்த ஒருநாள் கூச்சலை நினைத்துத்தான்.

ஆடி பிறப்பதற்கு முன்னே பச்சையப்பன் வந்து சேர்ந்தான்.

"கீழே அணைக்கட்டுல ஆடி முழுக்கச் சனக்கடல்டா. தினமும் பரிசல் சுத்தலாம். கறிச்சோறு, பாட்டு, கூத்து! இங்க உக்காந்து குடம் தூக்கிக்கிட்டு இருக்கியே, உனக்கென்ன தலையெழுத்தா? திங்கக்கிழமை காலையில ரோட்டுக் கரையில வேன் நிக்கும். வந்துரு."

மாதம்மா தடுக்கவில்லை.

"போறதா இருந்தா திரும்பி வராதீங்கண்ணா. வெள்ளம் வர்றதுக்குள்ள நான் வேற ஆளைத் தேடணும். இந்த நாப்பது வீட்டுக்கும் துடுப்புப் பிடிக்க ஒரு ஆள் வேணும்" என்றாள்.

மூன்று நாள் ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று தவித்தான். திங்கட்கிழமை விடியும்போது பையைத் தூக்கிக்கொண்டு பரிசலில் ஏறிவிட்டான்.

அன்றைக்கு ஆற்றின்மேல் மூட்டம் பால்போல இறங்கியிருந்தது. மாதம்மா நாலு துடுப்பு போட்டதும் கரை மறைந்தது. இன்னும் நாலு போட்டதும் துடுப்பின் நுனியே மறைந்தது. எங்கேயும் போகாமல் வெள்ளைக்குள் தொங்கிக்கொண்டிருப்பது போலிருந்தது. தீர்த்தகிரிக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"சனங்க சிரிக்கிறாங்க. நானும் சிரிக்கிறேன். அதுல என்ன தப்பு? சந்தோஷமா இருக்குறது பாவமா மாதம்மா?"

அவள் துடுப்பை அவன் மடியில் வைத்தாள்.

"ஊரையெல்லாம் சுத்திக் காட்டினீங்க. என்னை ஒருநாளும் சுத்தலையே. சுத்துங்க பார்ப்போம்."

அவன் முதலில் தயங்கினான். பிறகு ஒரு பக்கமாகத் துடுப்பை வீசி இழுத்தான். பரிசல் சுழன்றது. இன்னும் வீசினான். மாதம்மாவின் கொண்டை அவிழ்ந்து முடி பறந்தது. "ஐயோ! ஐயையோ!" என்று சின்னப் பிள்ளைபோல் கத்திச் சிரித்தாள். "இன்னொரு தரம்ணா!" என்றாள். அவனும் சிரித்தான். வெள்ளை சுழன்றது, தண்ணீர் சுழன்றது. மேல் எது கீழ் எது என்றே தெரியவில்லை.

மெதுவாகப் பரிசல் நின்றது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் மாதம்மா, மூச்சு வாங்க. "சரி, இப்போ கரைக்கு விடுங்க."

"எந்தக் கரைக்கு?"

"உங்களுக்குத் தெரிஞ்ச கரைக்கு."

சொல்லிவிட்டு அவன் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கை மட்டும் விளிம்புக்கு வெளியே தண்ணீரில் தொங்கியது.

தீர்த்தகிரி சுற்றிலும் பார்த்தான். எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. "பச்சையப்பா!" என்று கத்தினான். ரெண்டு மலையும் அந்தப் பெயரை மாற்றி மாற்றித் திருப்பிச் சொல்லின. வேனின் ஹாரன் கேட்டது. அதுவும் நாலு பக்கத்திலிருந்தும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கும் அடியில், ஆற்றின் கீழ்ப்பக்கத்துப் பாறைகளில் தண்ணீர் விழுகிற இரைச்சல். பரிசல் இழுபட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் ஆகிவிட்டது.

"மாதம்மா! எந்திரிங்க! பாறை வருது!"

அவள் அசையவில்லை.

அவசர அவசரமாகத் துடுப்புப் போட்டான். பரிசல் சுழன்றது. மறுபடி போட்டான். மறுபடியும் சுழன்றது. பழகிய கைகள் அதை மட்டும்தான் செய்தன. மூட்டத்துக்குள் ராட்டின விளக்குகள் எரிவது போலத் தோன்றியது. பச்சை, சிவப்பு, மஞ்சள். இருபத்தைந்து வருஷத்து ஊர்களெல்லாம் கை தட்டிக்கொண்டே அவனைச் சுற்றி வந்தன. இறங்கிக்கொள்ளலாம் என்று ஒவ்வோர் ஊரையும் உற்றுப் பார்த்தான். ஒன்றின் பெயரும் தெரியவில்லை.

துடுப்பை மடியில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். வலது கை தானாகத் தண்ணீரில் விழுந்தது.

ஆற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. விரல்களுக்கிடையில் அது ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று, நூலளவு ஒரு சில்லிப்பு சுண்டுவிரலைத் தொட்டது.

அந்தச் சில்லிப்பை அவனுக்குத் தெரியும். பதினோரு மாசம் இடுப்பில் வாங்கியிருக்கிறான். மார்கழி முழுக்க அதை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறான்.

துடுப்பை எடுத்து, வீசாமல், நேர் முன்னால் தண்ணீரை அள்ளித் தன் பக்கமாக இழுத்தான். மாதம்மா இழுப்பதைத் தினமும் பார்த்த நினைவு. இழுத்தான், கையை நனைத்தான். வெதுவெதுப்பு. திசை மாற்றி இழுத்தான். சில்லிப்பு. இன்னும் இழுத்தான். விரல் மரத்தது. எவ்வளவு நேரம் அப்படிப் போனான் என்று அவனுக்கே தெரியாது. அடியில் ஏதோ உரசியதும் இறங்கினான். இடுப்பளவு தண்ணீர். கால் விரல்களுக்கு அடியில் ஒரு தட்டைக் கல். தினமும் அவன் நின்று தண்ணீர் மொள்ளும் அதே கல்!

கைக்கெட்டும் தூரத்தில், வழக்கம்போல் நேற்றுச் சாயங்காலமே அவன் கொண்டு வந்து கவிழ்த்து வைத்த குடங்கள் கரையில் இருந்தன.

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கி வந்தன.

"செத்திருப்போமே! நீங்க பாட்டுக்குக் கண்ணை மூடிப் படுத்துக்கிட்டீங்க! இந்தாங்க, நீங்களே வெச்சுக்குங்க உங்க துடுப்பை!"

நீட்டினான். மாதம்மா எழுந்து உட்கார்ந்து அவன் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். துடுப்பை வாங்கவில்லை. அது அவள் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. தீர்த்தகிரி அதை மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினான். வலப்பக்கம் நகர்த்தினான். அவள் கண்கள் நகரவில்லை.

ஊசியும் நூலும் நினைவுக்கு வந்தன. "யாரது?" என்ற கேள்வி நினைவுக்கு வந்தது.

"எத்தனை நாளா?" என்றான்.

"நீங்க வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே. நரம்பு காய்ஞ்சுபோச்சுன்னு ஆஸ்பத்திரியில கையை விரிச்சுட்டாங்க. வெளிச்சம் தெரியும். மத்தபடி எனக்கு எல்லா நாளும் இந்த மூட்டம்தாண்ணா."

ஹாரன் மறுபடி கேட்டது. எங்கிருந்து என்று சொல்ல முடியவில்லை.

"அப்போ தினமும் அத்தனை சனத்தை ஏத்திக்கிட்டு எப்படி மாதம்மா கரை சேத்தீங்க?"

அவள் அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"நீங்க இப்போ சேத்தீங்களே" என்றாள். "அப்படித்தான்."

தீர்த்தகிரி கவிழ்ந்திருந்த குடத்தை எட்டி எடுத்து, நின்ற இடத்திலிருந்தே தண்ணீரை மொண்டான்.